துண்டுக்குள் ஐந்து விரல்

எங்கள் பட்டறையின் பின்கொட்டகையில் வெகுகாலம் ஒரு கார் நின்றிருந்தது. அதன் பெயரைச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவார்கள். பிறகு நான் சொல்லும் எதையும் காதில் வாங்க மாட்டார்கள். ஆகவே பெயர் வேண்டாம். சீமையில் செய்தது, அதுவும் கொஞ்சமாகத்தான் செய்தார்கள், ராஜாக்களும் எஸ்டேட் துரைகளும் ஏறிப்போன வண்டி என்று மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் அதற்கு ‘மாமன் காரு’ என்று பெயர். அப்பாவுக்குக் கோபம் வரும் நாட்களில் அது ‘உன்ற தம்பி காரு’ என்று மாறும். அன்றைக்கு அம்மா சாப்பிட மாட்டாள்.

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். வெறும் சட்டமும் எஞ்சினுமாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் தகடும் வைத்துக் கட்டி, வர்ணம் அடித்து, பொட்டு வைத்துப் புதுப்பெண்ணாக அனுப்பிவைப்பது அவர் தொழில். எங்கள் பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு லாரியின் பின்பக்கமும் ஒரு செந்தாமரை இருக்கும். அதை அப்பா மட்டும்தான் வரைவார். ஊரில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் எங்கள் லாரிக் கதவைச் சாத்தினால் சத்தம் வராது என்று தூரத்து ஓனர்களும் சொல்வார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. சங்ககிரியில் ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு தானே ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் கொடுக்கப் பிறந்தவர். எனக்கு மொட்டை அடித்தபோது மாமா மடி, காது குத்தியபோது மாமா தோடு, தீபாவளிக்கு மாமா துணி. லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சீர்த்தட்டு வந்துவிடும். அப்பாவுக்கு இது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ளவே பிறந்தவனா நான் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வழி இல்லை. அக்கா வீட்டுக்காரர் மச்சினனுக்குச் சீர் செய்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

எனக்குப் பத்து வயது இருக்கும். கோடை லீவில் மாமா என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். கேபினில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு துண்டு வியாபாரம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் வாய்விட்டு விலை பேச மாட்டார்கள். இருவர் கை மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் பழைய லாரித் தரகர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. வண்டி டீக்கடையில் நிற்கும்போதெல்லாம் நானும் மாமாவும் துண்டுக்குள் கைவிட்டு அவருடைய லாரியை விலை பேசுவோம். நான் எப்போதும் ஐந்துதான் கேட்பேன்.

அந்தக் கோடையில் சேலத்தில் ஒரு டீச்சரம்மாவின் வீட்டைக் காலி செய்து பெங்களூருக்குச் சாமான் ஏற்றும் வேலை மாமாவுக்கு வந்தது. மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, பெரிய காம்பவுண்டு, ஓட்டு வீடு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில். கட்டில் பீரோவெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும்போது மாமா தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனவர் வரவேயில்லை. தேடிக்கொண்டு போனேன். ஒரு ஷெட்டுக்குள் மண்ணில் மல்லாந்து படுத்து, கோழிகள் அடைந்துகிடந்த ஒரு நீளமான காருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குக் கார்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்காரப் பெரியவருக்கு அவர் பஞ்சு லோடு ஏற்றுவார். அந்தப் பெரியவர் பழைய சீமைக் கார்களைச் சேர்த்துவைத்துப் பராமரிக்கிறவர். லோடு இறங்கும் நேரத்தில் மாமாவைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுவாராம். இந்த மாதிரி எங்கேயாவது கண்ணில் பட்டால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி, ஒரு படத்தையும் காட்டியிருந்தார். படத்தில் பார்த்த கார்தான் இப்போது கோழி எச்சத்தோடு நின்றுகொண்டிருந்தது.

மாமா அதை விலை பார்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு சுற்று வந்தார். அடிபட்ட இடத்தில் பட்டி என்கிற பசையை வைத்துப் பூசியிருந்தால் அங்கே சத்தம் செத்துப்போகும். இந்தக் காரில் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான். பிறகு எஞ்சின்மேல் அடித்திருந்த நம்பரையும் சட்டத்தில் அடித்திருந்த நம்பரையும் துடைத்துப் படித்து ஒத்துப் பார்த்தார். உள்ளே காலடியில் கிடந்த மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தார். கதவைத் திறந்து அதன் ஓரத்து வர்ணத்தை மோந்துகூடப் பார்த்தார். கரும்பச்சை, பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கள் பட்டறையில் இருந்திருந்தால் அன்றே சுரண்டியிருப்பார்கள்.

“இத ஒருத்தருமே தொடுல, அம்மிணி. செஞ்சவன் கை பட்டதுதான். அப்புறம் ஒருத்தன் கையும் படுல” என்று என்னிடம் சொன்னார். “லாரிக்கு ஓடுனாத்தான் வெல. இதுக்குச் சும்மா கெடந்ததுதான் வெல.”

ஓடாத வண்டிக்கு எதற்கு விலை என்று எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

டீச்சரம்மா வந்தார். அவருடைய மாமனார் ஏற்காட்டில் ஒரு துரையிடம் எஸ்டேட் கணக்குப் பார்த்தவராம். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கார். டீச்சரம்மா கல்யாணமாகிக் கோயிலிலிருந்து அதில்தான் வந்தாராம். பின்கதவின் உள்பக்கம் ஓடிய மரச்சட்டத்தை எனக்குக் காட்டினார். அதில் பொடிப் பொடியாகப் பள்ளங்கள். “இது என் பையன் கடிச்சது. பல்லு முளைக்கிற வயசுல இங்க உக்காந்துட்டு இதத்தான் கடிச்சுட்டே வருவான்” என்று அந்தப் பள்ளங்களை விரலால் தடவினார். சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக்கொள்ளத்தான் அவர் அப்போது வந்திருந்தார்.

மாமா நினைத்திருந்தால் இரும்புக்காரருக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்து அன்றே கட்டி இழுத்து வந்திருக்கலாம். டீச்சரம்மா நன்றி சொல்லியே அனுப்பியிருப்பார். மாமா அதைச் செய்யவில்லை. “அவிய இரும்புக்கு வெல சொல்லியிருக்காங்க, டீச்சருங்க. இது இரும்பில்லீங்க. என்னால முழு வெல தர முடியாதுங்க. என்றகிட்ட இருக்கறது ஒரே ஒரு லாரிதான், அதுக்கு என்ன வருதோ அதத் தந்துர்றனுங்க. ஒரு வாரம் இருங்க” என்றார். டீச்சரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரும்புக்காரர் வந்தபோது அவரே திருப்பி அனுப்பிவிட்டார்.

மாமா லாரியை விற்றார். அத்தை ஒரு வாரம் பேசவில்லை. ஓடிச் சோறு போட்ட வண்டியைக் கொடுத்துவிட்டு ஓடாத வண்டியை வாங்கிய மனிதனை ஊரே வேடிக்கை பார்த்தது. கோயம்புத்தூர்ப் பெரியவர் அப்போது வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்தார். போனில் பேசினார். இந்தக் கார் மாமா சொன்னபடி இருந்தால் இரண்டு லாரி வாங்கும் விலை தருவதாகவும், இரண்டு மாதத்தில் ஊருக்கு வந்ததும் நேரே வருவதாகவும் சொன்னார். இரண்டு லாரி என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தைகூடச் சிரித்தாள்.

சங்ககிரியில் காரை நிறுத்த இடம் இல்லை. எங்கள் பின்கொட்டகைக்கு வந்தது. பெரியவர் வரும்வரைக்கும் கையில் தொழில் வேண்டுமே என்று மாமா வேறொருவர் லாரிக்கு டிரைவராகப் போனார். அஸ்ஸாம் லோடு. கிளம்புகிற அன்று காரை ஒருமுறை சுற்றிவந்து, அப்பாவிடம் சொன்னார்: “மச்சான், இதுல நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. அப்படியே கெடக்கட்டும்.”

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இலையில் கையை மறித்து வேண்டாமுங்க என்பவருக்கு இன்னொரு கரண்டி விழும். விழாவிட்டால் அவர் ஊருக்குப் போய் வருத்தமாகச் சொல்வார். முதல் வேண்டாமை மதித்து விலகிக்கொள்கிறவன் மரியாதை தெரியாதவன். மாமாவும் அந்த ஊரில் பிறந்தவர்தான். இன்னும் நாலு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால், உங்கள் கை பட்டால் இதன் விலை போய்விடும் என்று பாடி கட்டுகிற ஒருவரிடம், அதுவும் அக்கா வீட்டுக்காரரிடம், எப்படி வாய்விட்டுச் சொல்வது? சொல்லவில்லை. போய்விட்டார்.

மாமா கூச்சப்படுகிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம், “உன்ற தம்பிக்கு நாம ஒரு சீரு செய்யப்போறோம்” என்றார். அவர் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை.

பட்டறையில் இரண்டு லாரி வேலையைத் தள்ளிப்போட்டார். காரை ஒவ்வொரு துண்டாகப் பிரித்தார்கள். வெடித்த கரும்பச்சையைத் தகடு தெரியும்வரை சுரண்டினார்கள். ஒடுங்கிய இடங்களை டிங்கர் தட்டி நிமிர்த்திப் பட்டி வைத்துத் தேய்த்தார். சேலத்துக்கு அனுப்பி முலாம் போட்டு வாங்கிய கைப்பிடிகள் கண்ணைக் கூசவைத்தன. விரிசல் விட்ட தோல் சீட்டுகளைக் கிழித்துவிட்டு மெரூன் ரெக்சின் தைத்தார்கள். முன்பக்கத்தில் ஓடிய மரப்பலகையிலும் கதவுச் சட்டங்களிலும் பூச்சி அரித்திருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டு நல்ல தேக்கில் செய்து, மேலே பளபளவென்று சன்மைக்கா ஒட்டினார் அப்பா. அந்த வேலையை ஆளிடம் கொடுக்கவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து வர்ண அட்டையைக் காட்டினார். அம்மா தன் கல்யாணப் புடவையின் மயில்கழுத்து நிறத்தைத் தொட்டாள். அதையே அடித்தார்கள்.

கழற்றிய பழைய மரம் பட்டறை டீ அடுப்புக்குப் போயிற்று. காய்ந்த மரம், நன்றாக எரிந்தது. பல் பள்ளம் விழுந்த சட்டத்தை நான் பார்த்தேன். அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புதுச் சட்டம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, டீச்சரம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுதான் தோன்றியது.

எல்லாம் முடிந்ததும் அப்பா ஒரு காலை நேரத்தில் குளித்துவிட்டு வந்து, பின்பக்கத்தில் சின்னதாக ஒரு செந்தாமரை வரைந்தார். முன்பக்கத்தில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டினார். பிறகு கொஞ்ச தூரம் போய் நின்று பார்த்தார். “கூலி வாங்காம செஞ்ச வேல இது ஒண்ணுதான், சாமி” என்று என்னிடம் சொன்னார். கதவைச் சாத்திக் காட்டினார். சத்தமே வரவில்லை.

மாமாவின் லோடு இழுத்துக்கொண்டே போனது. கௌஹாத்தியில் திரும்பு லோடு கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் கார் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அப்படியே இருக்கிறது என்று சொல்லச் சொல்லி அப்பா எங்களுக்குக் கண்ணைக் காட்டுவார். வந்ததும் அசந்துபோக வேண்டும் என்பது அவர் ஆசை. கோயம்புத்தூர்ப் பெரியவர் வருகிற நாளும் மாமா திரும்புகிற நாளும் ஒன்றாக வந்ததில் அப்பாவுக்கு இன்னும் குஷி. காரைத் தார்பாய் போட்டு மூடிவைத்தார். இழுக்கிற வேலை எனக்கு.

மாமா காலையில் லாரியிலிருந்து இறங்கி நேரே வந்தார். தாடி, சிவந்த கண், தோளில் அழுக்குத் துண்டு. அம்மா டம்ளரில் காப்பியைக் கொடுக்கும்போதே பெரியவரின் வண்டி வாசலில் நின்றது. வெள்ளை வேட்டி, ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். ஊர் சேர்ந்ததும் முதல் வேலையாக வந்ததாகச் சொன்னார். எல்லாரும் கொட்டகைக்குப் போனோம். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் தார்பாயை இழுத்தேன்.

பெரியவர் அசையாமல் நின்றார். மாமாவும் நின்றார். அவர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி மண்ணில் கொட்டுவதை அவர் கவனிக்கவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். நானும் சிரித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது அந்தக் கார்.

பெரியவர் ஒரு சுற்று வந்தார். விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். ஒவ்வொரு இடத்தில் சத்தம் ஒவ்வொரு விதமாக வந்தது. கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, “பழைய மரம், தோலு எல்லாம் எங்கீங்க?” என்று கேட்டார்.

“அதெல்லாம் புழு அரிச்சதுங்க. அடுப்புக்குப் போட்டாச்சு. இது நம்மளே செஞ்ச தேக்குங்க” என்றார் அப்பா. தட்டிக் காட்டினார்.

பெரியவர் நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாமா தோளில் கிடந்த துண்டை உருவி, பெரியவரின் வலது கையைப் பிடித்து, அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டார். “வெலயத் தனியாப் பேசிக்கலாம், வாங்க” என்று அவரை வாசல் கேட் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் திகைத்துப்போய்க் கூடவே போனார். மில்லுக்காரருக்கு இந்த வழக்கம் எங்கே தெரியப்போகிறது என்று அப்பா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

கேட்டுக்குப் பக்கத்தில் பழைய டயர்கள் கிடக்கும். நான் ஓடிப்போய் ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டேன். துண்டு வியாபாரத்தை விளையாட்டாக இல்லாமல் நிஜமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நின்று பார்ப்பவர்களுக்குத்தான் துண்டு மறைக்கும். என் உயரத்துக்குக் கீழேயிருந்து உள்ளே தெரிந்தது. மாமா பெரியவரின் கையை மொத்தமாக, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தார். விடவேயில்லை. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. லாரிகள் போகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெரியவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கையைக் கொண்டுவந்து துண்டின்மேல் வைத்தார். அப்படி ஒரு முறை விளையாட்டில் கிடையாது. கோயம்புத்தூர் முறைபோலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் திரும்பி அப்பாவிடம் வந்தார். “இந்த மாதிரி ஒரு வேலைய நான் எங்கயும் பாத்ததில்லீங்க” என்று கும்பிட்டார். வண்டியில் ஏறிப் போய்விட்டார். அப்பாவுக்குக் காது வரைக்கும் சிரிப்பு. மாமா கேட்டைச் சாத்திவிட்டு மெதுவாக வந்தார்.

விலை ஒத்து வரவில்லை என்றார். அவர் கொடுப்பதாகச் சொன்ன விலை இந்த வேலைக்குக் காணாது, நான் கூடுதலாகக் கேட்டேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, போகட்டும் என்றார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. “எவ்வளவு கூடக் கேட்ட, மாப்ள?”

மாமா துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். நான்தான் முந்திக்கொண்டேன். “அஞ்சுப்பா. மாமா அஞ்சு வெரலையும் புடிச்சாரு. நான் பாத்தேன்.”

மாமா என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் தலையில் கையை வைத்தார். “அம்மிணி சரியாத்தான் பாத்திருக்குது. அஞ்சு லட்சம் சேத்திக் கேட்டனுங்க, மச்சான்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த கதை. கைக்கு வந்த இரண்டு லாரியைப் பேராசையால் தள்ளிவிட்டவர் என்று மாமாவுக்குப் பெயர் ஆயிற்று. பெரியவருக்கு மறுபடி போன் போடச் சொல்லி அப்பா கெஞ்சினார், பிறகு திட்டினார். ‘நான் செஞ்ச சீரத் தெருவுல போட்டுட்டியே’ என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தாள். அம்மா தம்பியோடு பேசுவதை விட்டாள். காரை எடுத்துப்போகச் சொன்னதற்கு, “உங்க வேல, உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க” என்று சொல்லிவிட்டு மாமா அடுத்த லோடுக்குப் போய்விட்டார். சொந்த லாரி அவருக்கு அதற்கப்புறம் அமையவே இல்லை.

நான் பெரிய மனுஷி ஆனபோது மாமா சீர் கொண்டுவந்தார். தட்டுகள் குறைவாக இருந்தன. சொந்தக்காரர்கள் கண்ணால் எண்ணியதை நான் பார்த்தேன். அப்பா தட்டை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. மாமா பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாதம் கொண்டுவந்தவரிடம் வேண்டாமுங்க என்றார். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஒருவரை ஒதுக்கிவிட்டோம் என்பதற்கு அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, ஆனாலும் பேராசைப்பட்டவர்தானே என்று அதை அடக்கிக்கொண்டேன்.

அப்பா அந்தக் காரைக் கடைசிவரை துடைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கொடுப்பார். அது தெருவில் போகும்போது ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். ‘இதோட மதிப்பு தெரியாத ஒருத்தங்கிட்ட மாட்டிச்சு’ என்று மாமாவைச் சொல்வார். சாகிற வரைக்கும் அதைச் சொன்னார். தன் வாழ்நாளில் செய்த நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால் கொட்டகையைக் கை காட்டுவார். சாவுக்கு மாமா வந்தார். நெய்ப்பந்தம் பிடிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனார்.

போன வருடம் பட்டறை இடத்தை விற்பதாக முடிவாயிற்று. காரை என்ன செய்வது? பழைய கார்களை மதிப்புப் போடுகிற ஒரு பையனைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதை வைத்துப் பார்த்தான். பட்டி பூசிய இடங்களில் அது ஒட்டாமல் நழுவியது. எஞ்சின் நம்பரைப் படித்ததும் அந்தப் பையன் தலையில் கையை வைத்துக்கொண்டான். இப்போது இதற்குக் கல்யாண வண்டி விலைதான் மேடம் என்றான். பழைய வர்ணமும் மரமும் தோலும் கோழி எச்சத்தோடு அப்படியே இருந்திருந்தால் இதன் கதையே வேறு, யாரோ தெரியாமல் கை வைத்துவிட்டார்கள் என்றான். என்றைக்கு இதன் விலை போயிற்று என்று கேட்டேன். சுரண்டிய அன்றைக்கே என்றான்.

செந்தாமரையைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன்.

கல்யாண வண்டி விலைக்கே காரைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் சங்ககிரிக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்து, மலையடியில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரை விற்றுவிட்டதைச் சொல்லி, பணத்தை நீட்டினேன். அது உங்கப்பன் கூலி, என்னுடையது இல்லை என்று வாங்க மறுத்தார். அந்த வேண்டாமை நான் விடவில்லை. அவர் மடியில் வைத்தேன். பிறகு கேட்டேன்: “அன்னைக்கு அவருகிட்ட என்ன மாமா கேட்டீங்க?”

“அஞ்சு கேட்டேன், சாமி. பேராசதான்” என்றார், லாரிகளைப் பார்த்தபடி. பிறகு, “உங்கப்பன் வெச்ச கதவு இன்னுஞ் சத்தமில்லாமத்தான் சாத்துதா?” என்று கேட்டார்.

ஆமாம் மாமா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். விலை பேசுகிறவர்கள் விரலைப் பிடிப்பார்கள், விடுவார்கள், மறுபடி வேறு விரலைப் பிடிப்பார்கள். மாமாதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அன்று அவர் ஒருமுறைகூட விடவில்லை. அப்பா பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெரியவரைக் கையெடுத்துக் கும்பிட முடியாதல்லவா? அதற்குத்தான் துண்டைப் போட்டார். தன் அக்கா வீட்டுக்காரர் காதில் மட்டும் இது விழ வேண்டாம் என்று உள்ளே கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் டயர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்தேன். விரல்களை எண்ணத்தான் எனக்கு அப்போது தெரிந்திருந்தது.